கால் சதவீதமும் ஆறாயிரம் ரூபாயும்

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஊராட்சியில் லைன் வீட்டில் குடியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர், நீங்கள் செக்கிங். மாமியார், இரண்டு குழந்தைகள் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். 2025 அக்டோபரில் நாட்டின் விலைவாசி போன வருஷத்தைவிட 0.25 சதவீதம்தான் கூடியது என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் வரவு செலவு நோட்டிலோ போன அக்டோபரைவிட இந்த அக்டோபரில் 6,150 ரூபாய் அதிகம். "கவர்மெண்ட் பொய் சொல்லுதா, இல்லை எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியலையா?" என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்தச் செய்தியைக் காட்டி வீட்டுக்காரர், "ஊருக்கெல்லாம் ஏறாத விலை உனக்கு மட்டும் ஏறுதா?" என்று கேட்டாராம். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊதாரித்தனம் ஒன்றும் செய்யவில்லை. அந்த 0.25-உம் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற புள்ளிவிவரக் களப்பணியாளன். கொங்கு நாட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கடை கடையாகப் போய் விலை குறித்திருக்கிறேன், வீடு வீடாக உட்கார்ந்து செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறேன். பொருளாதார மேதை இல்லை. டெல்லியில் அந்த எண்ணைக் கூட்டிக் கழிக்கிறவர்களுக்குக் கீழே, எண் பிறக்கிற இடத்தில் நின்றவன். அங்கே நின்று பார்த்ததை உறுதியாகச் சொல்கிறேன். அதற்கு மேலே போனால் என் கணிப்பு என்று குறிப்பிட்டுவிடுகிறேன்.

விலை குறிப்பது எப்படி என்றால், அந்த அக்டோபர் எண் வந்த வரிசைக்கு நாடு முழுக்க 1,181 கிராமங்களிலும் 310 நகரங்களில் உள்ள 1,114 சந்தைகளிலும் குறிப்பிட்ட கடைகளில் குறிப்பிட்ட பொருள்களின் விலையை மாதாமாதம் எழுதினார்கள். எந்த ஊர், எந்தக் கடை என்று வெளியில் சொல்லக் கூடாது. ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை, அதனால் நானும் சொல்லப்போவதில்லை. போன மாதம் குறித்த அதே அரிசி, அதே ரகம், அதே அளவு இந்த மாதம் என்ன விலை என்பதுதான் கேள்வி. ஒரு வாரச்சந்தையில் கீரைக்காரம்மாவிடம் கட்டு பத்து ரூபாய் என்று மாசக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். விலை ஏறவே இல்லை. ஒரு நாள் சந்தேகம் வந்து கட்டைத் தராசில் போட்டால் முன்பு இருந்த எடையில் முக்கால்தான் இருந்தது. "ஏனுங்க, வெலைய ஏத்துனா சண்டைக்கு வர்றாங்க, கட்டைச் சிறிசு பண்ணுனா ஒருத்தரும் கேக்கறதில்லீங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து கீரைக்கும் தராசு கொண்டுபோனேன். பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சோப்புக்கும் இதே கதைதான். அட்டையில் இருக்கும் கிராமைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எண் விலையை மட்டுமே துரத்துகிறது. பொருளின் அளவையும் தரத்தையும் வலுக்கட்டாயமாக மாறாமல் பிடித்துவைத்துக்கொண்டு, விலை மட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறது. உங்கள் நோட்டு கையைவிட்டுப் போன காசை எழுதுகிறது. காசு கூடுதலாகப் போவதற்கு விலையேற்றம் ஒரு காரணம், அவ்வளவுதான். வேறு காரணங்களும் இருக்கின்றன. உங்கள் நோட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கொடுத்த வரிகளைப் போன அக்டோபர், இந்த அக்டோபர் என்று வரிசையாகச் சொல்கிறேன். மளிகை, எண்ணெய், தேங்காய் 6,200-லிருந்து 6,900. காய்கறி 2,400-லிருந்து 1,900. பால் 1,800-லிருந்து 1,950. வாடகை 5,500-லிருந்து 6,000. பெட்ரோல், கேஸ், கரண்ட் 2,600-லிருந்து 2,650. பள்ளிக்கூடமும் வேனும் 4,000-லிருந்து 5,200. மாமியார் மருந்து 1,100-லிருந்து 1,500. சீட்டு 2,000-லிருந்து 3,000. புதிதாக வண்டித் தவணை 2,650. மொத்தம் 25,600 போய் 31,750 ஆகியிருக்கிறது.

இதில் சீட்டும் தவணையும் சேர்ந்து 3,650. கூடுதலான 6,150-இல் பாதிக்கு மேல் இதுவே. சீட்டுக்குக் கட்டுவது சேமிப்பு, செலவில் வராது. வண்டித் தவணை ஆகஸ்டில் எடுத்த வண்டிக்கான கடனை அடைப்பது. அந்த 0.25-ஐத் தரும் விலைக்குறியீட்டில் இரண்டுக்கும் இடமே கிடையாது. ஒரு வேடிக்கையும் இருக்கிறது. செப்டம்பர் 22-ஆம் தேதி இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது (350 சிசிக்குள் இருப்பவற்றுக்கு). அக்டோபர் எண்ணைப் பொறுத்தவரை வண்டி விலை இறங்கியிருக்கிறது. நீங்களோ பழைய விலைக்கு வாங்கிய வண்டிக்குத் தவணை கட்டுகிறீர்கள். வண்டி மலிவானது நிஜம், உங்களுக்கு மட்டும் அந்த மலிவு வந்து சேரவில்லை. இதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டதே.

அடுத்தது அளவு கூடியது. சின்னவன் எல்கேஜி சேர்ந்ததில் பீஸும் வேனுமாக 900 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்ததில் 400. ஆக 1,300. இவை விலையேற்றம் ஆகாது. குடும்பம் வளர்கிறது, பெரியவர்களுக்கு வயதாகிறது.

இவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது மளிகையில் 700, பாலில் 150, வாடகையில் 500, எரிபொருளில் 50, பெரியவள் பீஸில் 300. இதில் காய்கறியில் மிச்சமான 500-ஐக் கழிக்க வேண்டும். நிகரமாக 1,200 ரூபாய். சீட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் போன அக்டோபர்ச் செலவு 23,600. அதற்கு 1,200 என்பது ஐந்து சதவீதம். ஆக, உங்கள் வீட்டு விலைவாசி உயர்வு தோராயமாக ஐந்து சதவீதம். 6,150 என்ற எண் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, 0.25 என்ற எண் உங்கள் வீட்டுக்காரருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு இந்த ஐந்தைப் பற்றிப் பேசலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பில்களை நான் பார்க்கவில்லை. 700 ரூபாய் மளிகை ஏற்றத்தில் எவ்வளவு விலை, எவ்வளவு கூடுதலாக வாங்கியது என்று நோட்டில் இல்லை. முழுவதையும் விலை என்றே எடுத்துக்கொண்டேன். ஆகவே ஐந்து என்பது உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஐந்துக்கும் கால் சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு வருவோம். முதல் காரணம் காய்கறி. நாட்டளவில் காய்கறி விலை 2024 அக்டோபரில் முந்தைய வருஷத்தைவிட 42 சதவீதம் ஏறியிருந்தது. அந்த மாதம் மொத்த விலைவாசி உயர்வே 6.21 சதவீதம். 2025 அக்டோபரில் காய்கறி 27.5 சதவீதம் இறங்கியது. 2023-இல் நூறு ரூபாய்க்கு வாங்கிய காய் 2024-இல் 142 ரூபாய் ஆகி, 2025-இல் 103 ரூபாய்க்கு வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் பெரிய இறக்கம், அதற்கு முந்தைய வருஷத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய அதே விலை. எண்ணைக் கால் சதவீதத்துக்கு இழுத்துக்கொண்டு போனதில் பெரும்பங்கு இந்தக் காய்கறிக்கு, அப்புறம் ஜிஎஸ்டி குறைப்புக்கு. உங்கள் நோட்டிலும் காய்கறியை மறைத்துவிட்டுப் பாருங்கள், மற்றவற்றின் விலையேற்றம் மட்டும் எட்டு சதவீதம் வருகிறது. மனசு ஏறினதைத்தான் நினைவில் வைக்கிறது. தக்காளி கிலோ எண்பதுக்கு விற்றதை மறக்காதவர்கள் அது இருபதுக்கு வந்ததைப் பேசுவதில்லை. வீடுகளில் கேட்கும்போது இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அது நாட்டின் எண், நம் ஊர் எண்ணில்லை. அதே அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 1.29 சதவீதம். வாளையாரைத் தாண்டினால் கேரளாவில் 8.56. தேங்காய் எண்ணெயும் தங்கமும்தான் அங்கே முக்கியக் காரணம். நம் சமையல் கேரளத்துக்கும் சென்னைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. கடலை எண்ணெயில் தாளித்தாலும் தேங்காய் இல்லாமல் நமக்குச் சட்னியும் இல்லை, குழம்பும் இல்லை. உங்கள் 700 ரூபாயில் கணிசமான பங்கு தேங்காய்தான் என்பது என் ஊகம். ஊகத்துக்குக் காரணம், இந்த வருஷம் எங்கள் வீட்டிலேயே தேங்காய் மூடியைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளும் நிலைமை.

மூன்றாவது காரணம்தான் உங்களுக்கு நேராகப் பொருந்துவது, அதிகம் பேசப்படாததும் கூட. அந்த அக்டோபரில் நடப்பில் இருந்த விலைக்குறியீடு 2012-ஐ அடிப்படையாகக் கொண்டது. எந்தச் செலவுக்கு எவ்வளவு எடை, அதாவது மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு, என்பது 2011-12-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ஸ்மார்ட்போன் எல்லார் கையிலும் வராத காலத்துச் செலவுக் கூடை. அடுத்த கணக்கெடுப்பு 2017-18-இல் நடந்தது, தரம் சரியில்லை என்று சொல்லி அதன் முடிவை வெளியிடவில்லை. 2022-23 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழைய கூடையில் கல்விக்கு எடை 4.46 சதவீதம். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடமும் வேனும் போன அக்டோபரிலேயே 17 சதவீதம். வாடகை இன்னும் மோசம். அந்த வரிசையின் நகரக் குறியீட்டில் வீட்டுச் செலவுக்கு 21.67 சதவீதம் எடை இருந்தது. கிராமக் குறியீட்டில் ஒன்றுமே இல்லை, பூஜ்யம். கிராமத்தில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த நினைப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு அது சரியாக இருக்கலாம். திருப்பூரைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளைப் பாருங்கள். தோட்டத்தை வித்தவர்கள் காம்பவுண்டுக்குப் பத்துப் பதினைந்து வீடு என்று லைன் வீடு கட்டி விட்டிருக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊராட்சி என்பதால் பெரும்பாலும் கணக்கில் அது கிராமம். நீங்கள் கொடுக்கும் 6,000 வாடகை உங்கள் செலவில் ஏறக்குறைய கால்வாசி இருந்தும், அந்தக் கிராமக் குறியீட்டில் அதற்கு ஒரு பைசா எடை இல்லை. அந்த அக்டோபரில் கையில் இருந்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். எது கிராமம், எது நகரம் என்பதே பதினாலு வருஷப் பழைய படம்.

நல்லவேளை, 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக்குறியீட்டின் புதிய வரிசை 2026-இல் வந்துவிட்டது. 2023-24 கணக்கெடுப்பை வைத்து எடைகளை மாற்றியிருக்கிறார்கள், கிராம வாடகையையும் சேர்த்திருக்கிறார்கள். இனி உங்கள் வீடும் அந்த எண்ணும் கொஞ்சம் கிட்டே வரும். ஒன்றாகிவிடாது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு நேராகவே ஒரு எண் தருகிறேன். 2023-24 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165. உங்கள் இந்த அக்டோபர்க் கணக்கில் சீட்டையும் தவணையையும் எடுத்துவிட்டால் 26,100. ஐந்து பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 5,220. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிராமச் சராசரியைவிடக் குறைவு. தீபாவளித் துணியும் குலதெய்வக் கோயில் செலவும் நோட்டில் இல்லை, அதைச் சேர்த்தால் அந்தச் சராசரியைத் தொடலாம். இதை அவரிடம் காட்டுங்கள்.

ஆனால் இந்தச் சராசரியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், எடுத்தவன் சொல்கிறேன். சாப்பாட்டுச் சாமானில் சிலவற்றுக்குப் போன ஏழு நாள், சிலவற்றுக்குப் போன முப்பது நாள், துணிமணி போன்றவற்றுக்குப் போன 365 நாள் என்று கேட்போம். இப்போது ஒரே வீட்டுக்கு மூன்று முறை போகிறார்கள். கோபி பக்கம் ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து ஐயாவைக் கேட்டேன். "எண்ணெய்ச் செலவு முந்நூறு இருக்குங்க" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "ஏனுங்க, நீங்க எந்தக் காலத்து வெலையச் சொல்றீங்க?" என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு அவர் போட்ட கணக்கில் எண்ணெய் மட்டும் மூன்று மடங்கானது. சாராயச் செலவு என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஒருவரும் குடிப்பதில்லை. பெரிய காம்பவுண்டுச் சுவர் வைத்த மில் முதலாளி வீட்டில் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போக எனக்கு நாலு தடவை ஆனது, அப்புறமும் கேள்வி பாதியில் நின்றுபோனது. ஏழை வீடும் நடுத்தர வீடும் உண்மையைச் சொல்கின்றன, மேல்தட்டு கைக்கு அகப்படுவதில்லை. இது எல்லா நாட்டுக் கணக்கெடுப்பிலும் இருக்கும் ஓட்டை.

இதுவரை செலவு. எனக்கு அதைவிடக் கவலை தந்தது உங்கள் கேள்வியில் கடைசியாக இருந்த வரி. "ஆகஸ்டுக்கு அப்புறம் ஒன்றரை ஷிப்ட் இல்லை, ஒரு ஷிப்ட்தான்." அமெரிக்கா ஆகஸ்ட் 27-லிருந்து நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது, ஆர்டர் குறைந்தது, ஓவர்டைம் போனது. பன்னிரண்டு மணி நேரம் தைத்தவர் எட்டு மணி நேரம் தைக்கிறார். கூலி விகிதம் அப்படியே இருந்தாலும் சனிக்கிழமை கவரில் மூன்றில் ஒரு பங்கு காணோம். அரசு எண்களில் இது எங்கே தெரியும் என்று தேடிப் பாருங்கள். வேலையின்மை விகிதத்தில் தெரியாது. இப்போது மாதாமாதம் வரும் கணக்கில், போன ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். சம்பளம் வாங்காமல் வீட்டுத் தறியில் நூல் சுற்றிக் கொடுக்கும் சோமனூர்ப் பெண்ணும் வேலையில் இருப்பவர்தான். இந்த வரையறை உலகம் முழுக்க இருப்பதுதான், நம் ஊர்ச் சூழ்ச்சி இல்லை. எத்தனை மணி நேரம் என்பதையும் அந்தக் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். செய்தியில் வருவது வேலையின்மை ஐந்து சதவீதம் என்ற ஒற்றை எண்தான். உங்கள் வீட்டுக்காரரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் அரை ஷிப்ட் அதற்குள் புதைந்து கிடக்கிறது. என் பார்வையில் உங்கள் வீட்டின் பிரச்சினை ஐந்து சதவீத விலையேற்றம் இல்லை, போன அந்த அரை ஷிப்ட்தான்.

வருமானம் என்று பேசும்போது இன்னொரு எண்ணும் உங்கள் காதில் விழுந்திருக்கும். 2024-25-இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது, தனிநபர் வருமானம் 1,96,309 ரூபாய் என்றெல்லாம். ஐந்து பேர் வீட்டுக்கு அது ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் ஆகிறது, அதுவும் 2011-12 விலையில். "எங்க வீட்டுப் பங்கு எங்கே?" என்று கேட்கத் தோன்றும். தனிநபர் வருமானம் என்பது வீட்டுக்குள் வரும் சம்பளத்தின் சராசரி இல்லை. மாநிலத்தில் உற்பத்தியான மதிப்பிலிருந்து இயந்திரத் தேய்மானத்தைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்தது. கம்பெனி சேர்த்து வைக்கும் லாபம் அதில் இருக்கிறது, வங்கி வட்டி இருக்கிறது, சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே கொடுப்பதாகப் பாவிக்கும் வாடகைகூட இருக்கிறது. கைக்காசாக வருவது அதில் ஒரு பங்கு, அந்தப் பங்கும் சமமாகப் பிரிவதில்லை.

திருப்பூர் 2024-25-இல் 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்தது என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அது கப்பல் ஏறிய சரக்கின் மொத்த மதிப்பு. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்த பருத்தி, மில் நூல், சாயம், பட்டன், ஜிப், பெட்டி, லாரி வாடகை எல்லாம் அதில் அடக்கம். ஒரு டீசர்ட் விலையில் தையல் கூலி எவ்வளவு என்று உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, இது கொஞ்சம் சந்தேகமான இடம். பல்லடம், சோமனூர் விசைத்தறிகள், வீட்டுத் திண்ணையில் கைமடிக்கும் பெண்கள், நாலு மெஷின் போட்ட ஜாப் ஒர்க் ஷெட்டுகள் இவற்றின் உற்பத்தியை அந்தக் கணக்கில் வருஷா வருஷம் நேரடியாக எண்ணியதில்லை. ஒரு அடிப்படை ஆண்டில் எண்ணிவிட்டு, பிறகு வேறு சில குறியீடுகளை வைத்து நீட்டிக்கொண்டு போவதே வழக்கமாக இருந்தது. பெரிய கம்பெனி வளர்ந்தால் சின்ன ஷெட்டும் அதே வேகத்தில் வளர்ந்திருக்கும் என்ற ஊகம் இதில் ஒளிந்திருக்கிறது. 2016 பணமதிப்பு நீக்கத்துக்கும் 2017 ஜிஎஸ்டிக்கும் பிறகு நம் பக்கம் எத்தனை ஷெட் மூடியது என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த ஊகம் எனக்கு உறுத்தும். எவ்வளவு பிசகு என்று அளந்து சொல்லும் வசதி களப்பணியாளனுக்கு இல்லை. சிறு தொழில்களுக்கான கணக்கெடுப்பு இப்போது வருஷா வருஷம் நடக்கிறது. உற்பத்திக் கணக்கில் அதைப் பயன்படுத்தும்போது இது தெளிவாகும்.

அப்புறம் பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்பக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பது. அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியில் பஞ்சப்படி ஏறுவது சென்னை நகர விலைக்குறியீட்டை வைத்து. சேலத்திலும் கரூரிலும் உழைக்கிறவருக்கும் அளவுகோல் சென்னைதான். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அதுவும் வந்து சேர்வதில்லை.

எல்லாருக்கும் கஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் மளிகையில் ஏறிய தேங்காய் பொள்ளாச்சிக்காரருக்கு வருமானம் இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். 2025-க்கு எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், சந்தை அதைவிட வெகு மேலே போனது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் ஆனைமலையில் எல்லாரும் கார் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் விலை ஏறியதே காய் இல்லாததால்தான். வெள்ளை ஈயும் வாடல் நோயும் வெயிலும் சேர்ந்து மரத்தைக் காயவைத்துவிட்டன. என் சகலை தோப்பில் பாதி மரத்தை வெட்டிவிட்டார். மீதி மரத்தில் ஏற ஆள் கூலி கொடுத்து இறக்கினால், போன வருஷத்துக்கு இந்த வருஷம் கையில் நின்றது ஏறக்குறைய ஒன்றே என்கிறார். விலை எண்ணை வைத்து விவசாயி வருமானத்தைச் சொல்ல முடியாது, காய் எண்ணிக்கையும் வேண்டும்.

கடைசியாகச் சீட்டைப் பற்றி. "இந்த நிலைமையில் 3,000 சீட்டை நிறுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டுக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு (பணமாகச் சேர்த்ததில் புதிதாக வாங்கிய கடனைக் கழித்தது), நாட்டின் மொத்த உற்பத்தியில் 2020-21-இல் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23-இல் ஐந்து சதவீதத்தை ஒட்டி இறங்கியது. வண்டிக் கடனும் வீட்டுக் கடனும் நகைக் கடனும் கூடினால் அந்த நிகரம் குறையும், உங்கள் நோட்டில் தவணை வந்து உட்கார்ந்த மாதிரி. ஆனால் பதிவில்லாத ஊர்ச் சீட்டும், சீரில் வைத்த பணமும், அண்ணன் தம்பிக்குள் கைமாற்றும் அந்த எண்ணில் அநேகமாக வருவதே இல்லை. ஆகவே நாட்டின் சேமிப்பு குறைந்ததா கூடியதா என்பதை வைத்து உங்கள் சீட்டை முடிவு செய்ய வேண்டாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, சீட்டு 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா. நடத்துகிறவரிடம் பதிவு எண் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். இரண்டு, எத்தனை மாதம் கட்டியாயிற்று. பாதிக்கு மேல் கட்டிவிட்டு நடுவில் நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்படியானால் 3,000 சீட்டைக் கட்டி முடித்துவிட்டு அடுத்ததை 2,000-க்கு இறக்கிக்கொள்ளலாம். பாதிகூடக் கட்டவில்லை என்றால் தவணை முடியும்வரை வேறு யாராவது உங்கள் இடத்தை எடுத்துக்கொள்கிறார்களா என்று நடத்துகிறவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

நோட்டை நிறுத்தாதீர்கள், அம்மிணி. ரூபாய்க்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். தேங்காய் எத்தனை, எண்ணெய் எத்தனை லிட்டர், சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நேராக எத்தனை ஷிப்ட். மூன்று மாதம் எழுதிவிட்டு அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள். அந்த 700-இல் தேங்காய்க்கு எவ்வளவு என்று அப்போது ஊகம் பண்ணாமல் சொல்லிவிடுகிறேன்.